தொழிலாளர் கைக்கறை நீக்கம்

சென்ற ஆண்டு பழைய மாணவர் கூட்டத்திற்கு வந்திருந்தோருள் ஒருவர், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரியிற் பயின்று, இப்போது மோட்டார் வண்டிகளைச் செப்பனிடும் பட்டறையொன்றைத் தாமே நடத்தி வருபவர். அவரைக் கண்டு மகிழ்ந்து யாம் கைகொடுக்க முன்சென்றபோது, அவர் தம் கைகளைப் பின்னே மறைத்துக்கொண்டு தலையை மட்டுந் தாழ்த்தி வணங்கினார். பன்முறை வற்புறுத்திய பின்னரே கையைக் காட்டினார். விரல் மடிப்புகளிலெல்லாம் கரிய கோடுகள் ஓடின. உள்ளங்கை சிவந்து வெடித்திருந்தது. பெருவிரலின் ஓரத்தில் இரத்தங் கசிந்து உலர்ந்திருந்தது. "என்ன செய்தாய், தம்பி?" என்று வினவினோம். "ஒன்றுஞ் செய்யவில்லை, ஐயா, மாலையில் வேலை முடிந்ததும் பெட்ரோலில் கழுவுகிறேன், அதில்தான் போகிறது" என்றார். ஒன்று பெட்ரோலை விடவேண்டும், அன்றேல் தொழிலை விடவேண்டும் என்று சரும வைத்தியர் கூறிவிட்டாராம். தம் இளைய மகளின் கன்னத்தைத் தொடவுங் கூசுவதாக அவர் சொன்னது எம் உள்ளத்தைத் தைத்தது.

இவருக்குச் சவர்க்காரத்தின் இயல்பை இரசாயன வகுப்பிற் கற்பித்தவர் யாமே. பரீட்சையில் அவ்வினாவிற்கு அவர் செவ்வையாகவே விடையெழுதியிருத்தல் கூடும். ஆயினும் கரும்பலகையில் எழுதிய அதே பொருள் தம் கைக்கும் உரியதென்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றும்படி சொல்ல எமக்குந் தெரியவில்லை. அக்குறையைச் சிறிது நிரப்பும் பொருட்டே இக்கட்டுரை.

பட்டறைக் கையிற் படியும் அழுக்கு ஒரே பொருளன்று. எண்ணெய், கிரீஸ், எரிந்த எண்ணெயின் கரி, இரும்பு பித்தளைத் துகள், சாலைப்புழுதி ஆகிய யாவும் ஒன்றோடொன்று குழைந்து, விரல் இரேகைகளிலும் நகக்கண்களிலும் மெழுகுபோல் இறுகிவிடுகின்றன. தண்ணீர் எண்ணெயோடு ஒட்டாது. ஆதலின் வெறுநீர் அதன்மேல் ஓடிப்போகும். சவர்க்காரமோ இரண்டுக்கும் உறவானது. அதன் மூலக்கூறு நீண்ட வாலும் சிறு தலையும் உடையதாக எண்ணத்தக்கது. வால் எண்ணெயை நாடும். தலை நீரை நாடும். எண்ணெய்த்துளியில் எத்தனையோ வால்கள் குத்திக்கொள்ள, தலைகள் வெளியே நீரை நோக்கி நிற்க, துளியானது கையை விட்டுக் கழன்று நீரில் மிதந்து செல்கிறது. கொழுப்பும் காரமும் சேர்ந்தே சவர்க்காரம் உண்டாகிறது என்பது பழங்காலத்தாருக்குக் கைப்பழக்கத்தால் தெரிந்ததே. கொழுப்பின் அமைப்பு இன்னதெனப் பகுத்தறிந்து 1823ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் செவ்ரோல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர்.

இவ்வளவு ஆற்றலுள்ள சவர்க்காரம் பட்டறையில் ஏன் தோற்கிறது? முதற்காரணம், கிரீஸ் என்பது கெட்டியாக்கப்பட்ட எண்ணெய். அது எளிதிற் சிறு துளிகளாகப் பிரியாது. இரண்டாவது காரணம் நம் நாட்டுக் கிணற்று நீர். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சவர்க்காரத்தோடு கூடி, கரையாத வெள்ளைத் திரிபாகி, நுரையைக் கொன்றுவிடுகிறது. பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டும் பிசுக்கு அதுவே. செயற்கை முறையில் செய்யப்படும் நுரைப்பொருள்கள் பல இங்ஙனம் திரிவதில்லை. ஆகலின் உப்புநீருள்ள ஊரில் கட்டிச் சோப்பினும் அவ்வகைத் திரவங்களும் களிம்புகளும் நன்கு பயன்படும். கை கழுவும் பொருளைக் குறை கூறுமுன் குழாய்நீரை நாவில் இட்டுப் பார்ப்பது நலம்.

சவர்க்காரம் தோற்குமிடத்தில் தொழிலாளி பெட்ரோலையோ, டீசலையோ, மண்ணெண்ணெயையோ, வர்ணத்திற்குச் சேர்க்கும் தின்னரையோ நாடுகிறான். எண்ணெயை எண்ணெயே கரைக்கும்; அழுக்கும் விரைவிற் போகிறது. கெடுதி எங்குள்ளதெனின், தோலின் அமைப்பில் உள்ளது. மேற்றோலின் வெளிப்புறத்தில் இறந்த உயிரணுக்கள் செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கப்பட்டு, அவற்றினிடையே கொழுப்பானது சாந்துபோல் பூசப்பட்டிருக்கிறது. உடலின் பெரும்பாகத்தில் இச்சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்களவே. உள்ளங்கையில் சற்று மிகுதி. பெட்ரோலுக்குக் கிரீஸ் எது, தோலின் சாந்து எது என்ற பகுத்தறிவு கிடையாது; இரண்டையும் கரைக்கும். சாந்து போன சுவரில் நீர் நிற்குமோ? உடம்பின் ஈரம் வெளியே ஆவியாய்ப் போகிறது. தோல் உலர்ந்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே அழுக்கும் கிருமியும் உட்புகுகின்றன. நம்மவர் கரப்பான் என்று வழங்கும் நோய் இவ்வாறே கையிற் குடியேறுகிறது. குடியேறிய பின் வெறும் சவர்க்காரமும் எரியும். உப்புப் போட்ட குழம்புச்சோறு பிசையவும் எரியும்.

இன்னுமொரு தீங்கு கண்ணுக்குத் தோன்றாதது. பெட்ரோலில் பென்சீன் என்னும் பொருள் சிறிது உண்டு. இந்நாட்டு விதிப்படி அது நூற்றுக்கு 1 பங்குக்கு மேற்படலாகாது. பென்சீன் இரத்தப் புற்றை உண்டாக்குவதென்று ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஒரு நாள் ஒரு கை பெட்ரோலால் ஆள் வீழ்ந்துவிடான். ஆனால் பதினான்கு வயதில் எடுபிடியாகப் புகுந்த பையன் அறுபது வயது வரை நாள்தோறும் அவ்வாவியை முகத்தருகே கொண்டு கழுவுவானாயின் அது வேறு கணக்கு. பற்றவைக்கும் பொறி பறக்கும் இடத்திற்குப் பத்தடி தூரத்தில் திறந்த டப்பாவில் பெட்ரோலை வைத்துக் கை கழுவுவதை யாம் கண்ணாரக் கண்டதுண்டு. அதைப்பற்றி யாது சொல்வது!

அங்ஙனமாயின் அழுக்கை அப்படியே விட்டுவிடலாமோ எனின், அதுவும் ஆகாது. 1775ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து இரண வைத்தியராகிய பெர்சிவல் பாட் என்பவர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்கு உண்டாகும் ஒருவகைப் புற்று, தோல் மடிப்பில் தங்கிய கரியினால் வருவதென்று எழுதினார். தொழிலால் புற்று வருதலை எடுத்துக்காட்டிய முதல் எழுத்தாக இதை மருத்துவர் மதிக்கின்றனர். மோட்டாரில் எரிந்து கறுத்த எண்ணெயிலும் அக்கரியிலுள்ள இனத்துப் பொருள்கள் உள்ளன. எலிகளின் தோலிற் பூசிப் பார்த்த சோதனைகளில் அவ்வெண்ணெய் புற்றை விளைத்திருக்கிறது. ஆகவே கறையும் போகவேண்டும், தோலும் நிற்கவேண்டும். கை கழுவும் களிம்புகள் பிறந்த வரலாறு இவ்விரண்டிற்கும் இடையில் வழி தேடிய வரலாறேயாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் ஓஹையோ நாட்டிலுள்ள ஆக்ரன் நகரம் இரப்பர்த் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. ஆடவர் போருக்குச் சென்றுவிட, பெண்டிர் ஆலைகளில் வேலை ஏற்றனர். கோல்டி லிப்மன் என்னும் அம்மையார் அவர்களுள் ஒருவர். இரப்பரில் ஒட்டிய கரியும் பிசினும் கையை விட்டுப் போகாமையால், அவ்வாலையிற் பலரும் மண்ணெண்ணெயிலும் பென்சீனிலும் கை கழுவி வந்தனர். இதைக் கண்டு வருந்திய அம்மையாரும் அவர் கணவர் ஜெர்ரி லிப்மனும், அருகிலிருந்த கென்ட் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த கிளாரன்ஸ் குக் என்னும் பேராசிரியரை நாடினர். மூவருமாக ஆராய்ந்து, நீரால் அலம்பினால் முற்றும் போய்விடும் ஒரு களிம்பை ஆக்கினர். 1946ஆம் ஆண்டில் அத்தம்பதிகள் அம்மையாரின் பெற்றோர் வீட்டு நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்தில் அதைக் கலக்கி, உணவுச்சாலைகளிலிருந்து பெற்ற பழைய ஊறுகாய்ச் சாடிகளில் அடைத்து, காரில் ஏற்றிக்கொண்டு பட்டறை பட்டறையாக விற்றனர். இருவர் பெயரையும் சேர்த்து அதற்குக் கோஜோ என்று பெயரிட்டனர். தம் ஐயத்தைக் கல்லூரி வாயிலுக்குக் கொண்டுவந்த தொழிலாளிக்கு ஓர் ஆசிரியர் விடை கூறியதால் விளைந்த பொருள் இது என்பதை எம் போன்றார் கருதத்தகும்.

அடுத்த ஆண்டாகிய 1947இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் பெல்ப்பர் என்னும் ஊரிலும் இஃதொத்த பொருளொன்று தோன்றியது. அதன் பிறப்பு விநோதமானது. ஆட்லி பௌட்லர் வில்லியம்சன் என்பவர் பட்டுக் காலுறைகள் நைந்துபோகாமற் காக்கும் கழுவுபொருள் ஒன்றைச் செய்து வந்தார். நைலான் காலுறைகள் வரவே பட்டுக்கு வேலையில்லாது போயிற்று. அவர் பொருளுக்கும் வேலையில்லாது போயிற்று. அவர் சோர்வுறாமல், தம் அறிவைத் தொழிலாளர் கையின்பால் திருப்பினார். பச்சை நிறப் பாகுபோன்ற அக்களிம்பு ஸ்வார்ஃபீகா எனப்படும். இரும்புச் சீவலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஆவல் என்னும் பொருள்படும் சொல்லை ஒட்டி ஆக்கிய பெயர் அது. பட்டை நோகச் செய்யாத கை, தோலையும் நோகச் செய்யாதிருக்க முயன்றது இயல்பே.

இக்களிம்புகள் வேலை செய்யும் வகையை அறிந்தாலன்றி அவற்றால் முழுப்பயன் இல்லை. கரைக்கும் எண்ணெய் ஒன்று, அதை நீரோடு பால்போற் கலக்கச் செய்யும் நுரைப்பொருள் ஒன்று, தோலை ஈரமாக வைக்கும் கிளிசரின் முதலியன சிறிது: இவையே பொதுவான சேர்க்கை. உலர்ந்த கையில் முதலில் களிம்பை இட்டுத் தேய்க்கவேண்டும். அப்போதுதான் அதிலுள்ள எண்ணெய் நேரே கிரீஸைச் சென்று கரைக்கும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ தேய்த்து, அழுக்கு கழன்று கறுத்து ஓடும்போது நீரை விட்டால், எல்லாம் பாலாகக் கலங்கிப் போய்விடும். நம்மவரோ முதலில் கையை நனைத்துவிட்டுப் பிறகு களிம்பை எடுக்கின்றனர். களிம்பு நீரோடு உறவாடிவிட்டுக் கிரீஸைத் தொடாமலே வடிந்துபோகிறது. பின்பு "விலை மட்டும் அதிகம், வேலை செய்யவில்லை" என்று பெட்ரோல் டப்பாவைத் தேடுகின்றனர். பலரிடத்தில் யாம் கண்ட பிழை இதுவே.

நிற்க. சில களிம்புகளில் தேய்ப்பதற்கெனத் துகளும் சேர்க்கப்படுகிறது. எரிமலை கக்கிய நுரைக்கல்லைப் பொடித்துச் சேர்த்த லாவா என்னும் சோப்பு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1893ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்தது. நம் பட்டறைகளில் மரத்தூளும் ஆற்றுமணலும் சாம்பலும் அவ்வேலையைச் செய்து வந்துள்ளன. மணல் கூர்முனை உடையது, தோலைக் கீறும், அதை ஒழித்தல் நன்று. நுண்ணிய நுரைக்கல், அக்ரோட்டு ஓட்டுப்பொடி, சோளமாவு ஆகியன மென்மையானவை. சில காலம் நெகிழி உருண்டைகளைச் சேர்த்தனர். அவை சாக்கடை வழியே ஆற்றையும் கடலையும் அடைந்து மீன் வயிற்றிற் புகுவது கண்டு, கழுவிவிடும் ஒப்பனைப் பொருள்களில் அவற்றைச் சேர்க்கலாகாதென அமெரிக்கா 2015ஆம் ஆண்டில் சட்டஞ் செய்தது. 2018இல் பிரிட்டனும் தடுத்தது. துகளுள்ள களிம்பு, கிரீஸ் இரேகைகளில் இறுகிய நாளுக்கே உரியது. வெடித்த கைக்கும் ஒவ்வொரு கழுவுதலுக்கும் அதைக் கொள்வது புண்ணில் உளியை ஓட்டுவதாகும்.

நாரத்தை மணங் கமழும் களிம்புகள் இப்போது மிகுதி. நாரத்தை, ஆரஞ்சு முதலியவற்றின் தோலிலுள்ள லிமோனின் என்னும் எண்ணெய் கிரீஸை நன்றாகவே கரைக்கும். பெட்ரோலினும் இனியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் காற்றுப்பட்டுப் பழகிய லிமோனின் பிராணவாயுவோடு கூடி மாறி, சிலர் தோலுக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது. பழத்திலிருந்து வந்தது ஆதலின் தீங்கற்றது என்று நினைப்பது தவறு. சேராங்கொட்டையும் மரத்தில் காய்ப்பதுதானே. டப்பாவை மூடி வைத்தலும், பழங்கையிருப்பை ஒதுக்குதலும் வேண்டும்.

ஒவ்வாமை மணத்தால் மட்டுமன்றிக் கெடாமற் காக்கும் மருந்தாலும் வரும். நீர் கலந்த எக்களிம்பும் பூஞ்சணம் பற்றாதிருக்க ஒரு காப்புப்பொருளை வேண்டி நிற்கும். மெதில் ஐசோதையசோலினோன் என்பது அவற்றுள் ஒன்று. பலருக்குத் தோல்நோய் விளைத்தமையால் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் பூசிவிடும் பொருள்களில் அதை விலக்கியது. கழுவிவிடுவனவற்றில் 2018 முதல் பத்து இலட்சத்திற்கு 15 பங்கென வரம்பிட்டது. ஒரு களிம்பை மாற்றிய பின் கை நமைக்குமாயின், டப்பாவின் பின்புறத்துச் சிறிய எழுத்தை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுக. டப்பாவைப் பற்றி மற்றொன்று: பத்துப் பேர் அழுக்குக் கையை விட்டெடுக்கும் வாயகன்ற டப்பாவினும், அழுத்தினால் அளவாக வரும் பாத்திரம் மேலானது. கைநிறைய அள்ளி வீணாக்குகின்றனர் என்று முதலாளிகள் குறை கூறியதால், முற்கூறிய ஜெர்ரி லிப்மனே அத்தகைய பாத்திரத்தை ஆக்கி 1952இல் காப்புரிமை பெற்றார்.

இனி, எல்லாத் தொழிலுக்கும் ஒரே களிம்பு கூறுவது, எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் கூறுவதை ஒக்கும். மோட்டார்ப் பட்டறைக்கு மேற்சொன்ன களிம்பு தகும். கடைசல் இயந்திரத்தில் வேலை செய்வோர் கையில் கிரீஸ் குறைவு. கூலண்ட் என வழங்கும் வெண்ணிற நீரே மிகுதி. அதிலேயே நுரைப்பொருள் இருத்தலின் மென்மையான சோப்பே போதும். துகள் சேர்ந்த களிம்பு அவர்களுக்கு ஆகாது. கையிலிருக்கும் இரும்புச் சீவலையும் சேர்த்துத் தேய்த்துத் தோலைக் கீறும். எண்ணெய் வர்ணமும் அச்சுமையும் தேங்காயெண்ணெயால் இளகும். பின் சோப்பிட்டுக் கழுவலாம். கொத்தனார் கை வேறு. ஈரச் சிமிட்டி கடுங்காரம். அதிலுள்ள குரோமியம் சிலர்க்குத் தீராத கரப்பானைத் தரும். ஐரோப்பாவில் 2005 முதல் சிமிட்டியில் நீரிற் கரையும் குரோமியம் பத்து இலட்சத்திற்கு 2 பங்குக்கு மேற்படலாகாதென விதி உண்டு. கொத்தனார்க்கு வேண்டியன நிறைந்த நீரும் காரமில்லாத கழுவுபொருளும். துணி துவைக்கும் சோடாத்தூள் அவர் கைக்கு இரட்டைத் தண்டனை.

ஈயத்தைத் தனியே சொல்லவேண்டும். பழைய பாட்டரி பிரிப்போர், பற்றாசு வைப்போர், ஈய எழுத்துக்கோத்த அச்சுக்கூடத்தார் ஆகியோர் கையில் ஈயம் நிறமின்றி இருக்கும். கை சுத்தமாகத் தோன்றும். உண்ணும் சோற்றோடு வயிற்றிற் புகும். உடையோடு வீடு சென்று குழந்தைக்கும் சேரும். சவர்க்காரமும் நீரும் அதை முழுதும் நீக்குவதில்லை என்று அமெரிக்க அரசின் தொழில்நல ஆராய்ச்சிச் சாலையார் கண்டு, அதற்கென வேறு துடைப்பு முறையை வகுத்தனர். கையால் பிசைந்துண்ணும் நம்மவர் இவ்வேலைகளில் கையுறை இடுதலும், இருமுறை கழுவிய பின்னரே உணவைத் தொடுதலும் இன்றியமையாதன.

கையுறை என்றவுடன் ஓர் எச்சரிக்கை. சுழலும் கடைசல் இயந்திரத்தின் முன்னும் துளையிடும் இயந்திரத்தின் முன்னும் கையுறை அணியலாகாது. நூலொன்று சிக்கினாலும் கையை உள்ளிழுத்துவிடும். அவ்விடத்துத் தோலைக் காப்பது வேலைக்குப் பின் கழுவும் முறையே. கழுவியபின் பனியன் வேஸ்டில் துடையாமல் தூய துணியில் ஒற்றி உலர்த்தி, வாசெலினோ தேங்காயெண்ணெயோ சிறிது தடவ வேண்டும். போன சாந்தை ஓரளவு அது நிரப்பும். வேலைக்கு முன் பூசும் காப்புக் களிம்புகள் தோலை முழுதும் காக்குமென்று நம்புதற்கில்லை. கறை எளிதிற் கழலும் என்னும் அளவில் பூசலாம்.

களிம்பு வாங்கப் பொருளில்லாதார்க்கு வழி யாது? நம் கல்லூரிப் பட்டறையில் யாம் செய்து பார்த்தது இது. உலர்ந்த கையில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயை நன்றாகத் தேய்த்துப் பழந்துணியால் துடைத்தால் கிரீஸில் பெரும்பங்கு துணிக்குப் போய்விடுகிறது. பின்பு பாத்திரந் துலக்கும் மென்திரவத்தோடு சலித்த மரத்தூள் ஒரு சிட்டிகை சேர்த்துத் தேய்த்து நீர்விட்டால் எஞ்சியதும் போகிறது. தேக்கு, ஈட்டி ஆகியவற்றின் தூள் சிலர் தோலுக்கு ஒவ்வாது. தச்சுப் பிரிவில் கிடைக்கும் தூள் யாதென்று கேட்டறிந்து எடுக்கவேண்டும். முதல் வாரம் மாணவர் நகைத்தனர். தலைக்கு வைக்கும் எண்ணெயைக் கைக்கு வைப்பதா என்றனர். இப்போது குழாயடியிலுள்ள எண்ணெய்க்கிண்ணம் தினமும் காலியாகிறது. அதிற் பாதி தலைக்கே போகிறதென்று பட்டறை உதவியாளர் முறையிடுகிறார். பட்டறை நடத்தும் பழைய மாணவர்கள் இச்செலவைத் தம் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுதல் முறை. எடுபிடிப் பையனைத் தன் கூலியில் களிம்பு வாங்கச் சொன்னால் அவன் வாங்கான்; பெட்ரோலோ பட்டறையில் விலையின்றிக் கிடைப்பது.

முதலிற் கூறிய அன்பருக்கு இவற்றையெல்லாம் எழுதியனுப்பினோம். மூன்று மாதங்கழித்து விடை வந்தது. உள்ளங்கை ஆறிவிட்டதாம், பெருவிரல் வெடிப்பு மட்டும் மழைக்காலத்தில் திறக்கிறதாம். நகக்கண்ணில் நிற்கும் கறுப்புக்கு என்ன செய்வதென்று கேட்டிருந்தார். அதற்கு எம்மினும் பழைய தச்சர் ஒருவர் விடை கூறினார்: காலையில் வேலை தொடங்குமுன், ஈரமான கட்டிச் சோப்பை ஐந்து நகங்களாலும் பிறாண்டிவிட வேண்டும். நகக்கண் சோப்பால் நிறைந்திருக்கக் கிரீஸ் புக இடமிராது. மாலையில் நீர் பட்டதும் அச்சோப்பே கரைந்து வழியைத் திறந்துவிடும். அதனையும் அவருக்கு எழுதியிருக்கிறோம்.